பன்னிரண்டு வோல்ட் ஃபிரிட்ஜ்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, மாலை 5.05. அடையாறு கஸ்தூரிபா நகரில், சிமென்ட் தளம் போட்ட காலி மனை ஒன்றில் நின்றிருந்த கேம்பர் வேனுக்குள் ஷ்ரவண் என்பவர் இறந்து கிடப்பதாகக் காவல் நிலையத்துக்குத் தகவல் வந்தது. தகவல் தந்தவர் அஸ்வத். இருவரும் கூட்டாகத்தான் அந்த வேனை வாடகைக்கு விட்டு வந்தார்கள்.

5.25க்கு உதவி ஆய்வாளர் நெடுஞ்செழியன் வந்து சேர்ந்தார். ஷ்ரவணுக்கு வயது முப்பத்தாறு. கட்டிலுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ஏழு அடிகள். மூன்றாவது அடியிலேயே உயிர் போயிருக்கும் என்று மருத்துவர் பிறகு எழுதினார். தலையிலிருந்து வழிந்த ரத்தம் தரைவிரிப்பில் ஐந்தடி ஓடி, பின்கதவின் ரப்பர் பட்டையைத் தாண்டி, பம்பரில் ஒரு கோடாக இறங்கி உறைந்திருந்தது. வலது கை மணிக்கட்டு வரை ரத்தம். அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும் சுத்தமாக இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டடி நீள இரும்புக் கருவி ஒன்று கிடந்தது. பேட்டரி கேபிளின் முனையில் லக் என்ற உலோக வளையத்தை வைத்து அழுத்துவதற்கானது. அதன் தாடையில் முடி ஒட்டியிருந்தது. கைப்பிடியில் பெயின்ட்டால் 'நூர்' என்று எழுதியிருந்தது.

ஃபியூஸ் பெட்டியில் 'ஃபிரிட்ஜ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய இடம் காலி. நெடுஞ்செழியன் குறிப்பேட்டில் எழுதினார்: ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை.

6.30க்கு ராயப்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் நூர் முஹம்மதுவை அவர் கடையிலிருந்து தூக்கினார்கள்.

ஆய்வாளர் ஜெயபாரதி அன்று ஊரில் இல்லை. பழைய வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல மதுரை போயிருந்தார். புதன் காலை 6.10க்கு ரயிலிலிருந்து இறங்கி, பையோடு நேராக நிலையத்துக்கு வந்தார்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றார் நெடுஞ்செழியன். "பதினோரு மணிக்கு ரிமாண்ட். வாக்குமூலம் ரெடி. கையெழுத்து மட்டும் பாக்கி."

"ஏன் பாக்கி?"

"பாய் கொஞ்சம் அடம்."

"காரணம்?"

"அந்த வேன்ல ஒரு ஃபிரிட்ஜ் மேடம். மே மாசத்துலேர்ந்து நின்னு நின்னு போகுது. இவன் மூணு தடவை ரிப்பேர் பண்ணியும் சரியாகலை. இந்த ஆளை நம்பாதீங்கன்னு ஷ்ரவண் வீடியோ போட்டுட்டாரு. நாப்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்க. நேத்து நாலாவது தடவையா வந்திருக்கான். மத்தியானம் 1.32க்கு ஷ்ரவண் போன்லேர்ந்து அஸ்வத்துக்கு கால் போயிருக்கு. 'ஃபிரிட்ஜ் இன்னும் ஓடலை, எலக்ட்ரீஷியன் எகிர்றான்'னு சொன்னாராம். சாயங்காலம் அஸ்வத் ஆட்டோ பிடிச்சு வந்து பார்க்கிறாரு, பாடி."

"அஸ்வத் அதுவரைக்கும் எங்க இருந்தார்?"

"தி. நகர். அவங்க குடும்ப ஜவுளிக்கடை. காலைலேர்ந்து நாலு மணி வரைக்கும் அந்த பில்டிங்கை விட்டு வெளிய போகலை. பதினோரு பேர் சொல்றாங்க."

"மனைகிட்ட கேமரா?"

"எதிர் வீட்டுல ஒண்ணு. அது அவங்க கேட்டை மட்டும்தான் பார்க்குது."

"செல்போன் டவர் விவரம்?"

"கேட்டிருக்கு. மூணு நாள் ஆகும்."

பின்னறையில் நூர் முஹம்மது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. உதடு கிழிந்திருந்தது. வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டிருந்தார். ஜெயபாரதி அந்தக் கையை விலக்கிப் பார்த்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கறுத்து வீங்கி, வேறு பக்கம் திரும்பியிருந்தன.

"இது எப்ப ஆச்சு?"

"சார் லட்டிய கீழ போட்டாரு. என் கை அங்க இருந்துச்சு," என்றார் நூர். கதவருகே நின்ற நெடுஞ்செழியனைப் பார்க்கவில்லை.

"நீங்க வெளிய இருங்க," என்றார் ஜெயபாரதி. நெடுஞ்செழியன் போனார்.

"ஷ்ரவணை அடிச்சியா?"

"இல்ல மேடம்."

"வீடியோ பார்த்து கோவம் வரலையா?"

"வந்துச்சு. என் கடை போர்டுன்னு பக்கத்து பஞ்சர் கடை போர்டைக் காமிச்சான் அந்த ஆளு. பஞ்சர்காரன் ஒரு வாரமா என்னோட பேசறதில்ல."

"நேத்து என்ன நடந்தது? ஒண்ணு விடாம சொல்லு."

"ஒம்போதரைக்குப் போனேன். மீட்டர் வெச்சா பேட்டரி பன்னெண்டு புள்ளி ஏழு காட்டுது. அல்லாரும் அத்த பாத்துட்டு பேட்டரி நல்லா கீதுன்னு வுட்ருவாங்க. நானும் மூணு தபா அப்டித்தான் வுட்டேன், தப்பு என்னுதுதான். நேத்து ஃபிரிட்ஜாண்ட மீட்டர் முள்ளை வெச்சுக்கினு, கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆவற வரிக்கும் குந்தி பாத்தேன். ஸ்டார்ட் ஆவும்போது பத்துக்கு வுழுந்துச்சு. பத்தரைக்குக் கீழ போனா ஃபிரிட்ஜு தன்னால நின்னுரும். பேட்டரியக் காப்பாத்த கம்பெனிக்காரன் வெச்ச ஏற்பாடு. அப்ப கோளாறு ஃபிரிட்ஜுல இல்ல, பேட்டரில இல்ல. நடுவுல வர்ற வயர்ல."

"என்ன செஞ்சே?"

"மே மாசம் இன்னா சார் மாத்துனன்னு கேட்டேன். மொதல்ல ஒண்ணுமில்லன்னாரு. அப்பால கண்ணாடிக்குப் பின்னால ஒரு சின்ன கேமராவைக் காமிச்சாரு. வாடகைக்கு எடுக்கறவங்க வண்டிய எப்டி ஓட்றாங்கன்னு பாக்க, யாருக்கும் சொல்லாம அவரே மாட்டினாராம். கனெக்‌ஷனை ஃபிரிட்ஜு வயரை நடுவுல வெட்டி முறுக்கிக் குட்த்துட்டாரு. முறுக்குன எடம் கருகிப் போய்க்கீது. அங்கதான் வோல்ட்டு குடிக்கிது. கேமராவைக் கழட்டி கார்டை அவரு கைல குட்த்தேன். பழைய லைனை அப்டியே வுட்டுட்டு, பேட்டரிலேர்ந்து ஃபிரிட்ஜுக்கு நேரா தடிமனா புது லைன் இழுத்தேன். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே."

"பெட்டியில இருக்கிற ஃபியூஸ்?"

"அத்த புடுங்குனாலும் ஒண்ணுதான், வெச்சாலும் ஒண்ணுதான். அதுல இப்ப எதுவும் ஓடல."

"அப்புறம்?"

"ஃபிரிட்ஜு ஓடுச்சு. நான் எந்த ஃபிரிட்ஜு பண்ணாலும் ஒரு சில்வர் டம்ளர்ல தண்ணி புடிச்சு ஃப்ரீசர்ல வெச்சுருவேன். மறுநாள் கஸ்டமரு தொறந்து கட்டிய பாக்கணும். அதான் என் கேரண்டி. பதினொண்ணே கால் இருக்கும். அவரு முன் சீட்ல லேப்டாப்புல அந்த கார்டைப் போட்டுப் பாத்துக்கினு இருந்தாரு. திடீர்னு மூஞ்சி வெளுத்துப்போச்சு. 'நீங்க கெளம்புங்க, நான் உடனே ஒருத்தரைப் பாக்கணும்'னு தள்ளாத குறையா அனுப்புனாரு. அந்த அவசரத்துல டூலை வுட்டுட்டு வண்ட்டேன்."

"அங்கேர்ந்து எங்க போனே?"

"சிந்தாதிரிப்பேட்டை. வயர் வாங்க. கடைக்காரரு டைம் ஞாபகம் இல்லன்றாராம்."

"அந்த வேன் எப்பவும் அடையாறுலதான் நிக்குமா?"

"ரெண்டு தபா தி. நகர் ஜவுளிக்கடைக்குக் கூப்ட்டாங்க. பேஸ்மென்ட்டு வாசல் உசரம் ஏழடி, வேன் ஒம்போதடி. ரிவர்ஸ்ல சரிவுல பாதி எறக்கி நிறுத்துவாங்க. மூக்கை மேல தூக்கிக்கினு நிக்கும். தரைல ஸ்க்ரூ வெச்சா உருண்டு பின்கதவாண்ட போவும். இனிமே இங்க வரமாட்டேன், அடையாறுக்கு எட்தாங்கன்னு சொல்லிட்டேன்."

காலை 7.20. மயிலாப்பூரில் ஷ்ரவணின் வீடு. அவர் மனைவி வர்ஷினி அழுது முடித்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"கார்த்தால ஒம்போது மணிக்கு ஆத்துலேர்ந்து கிளம்பினார். அதுக்கப்புறம் பேசலை."

"அந்த வண்டியை வாடகைக்குத்தான் விடுவீங்களா, சொந்தமா எடுத்துக்கிட்டு போறதும் உண்டா?"

"அஸ்வத் போவார். இந்த மாசம் ஏழாம் தேதி ஃப்ரெண்ட்ஸோட பாண்டிச்சேரி போயிட்டு, ஒம்போதாம் தேதி வரவேண்டியவர் பதினொண்ணாம் தேதிதான் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். நாய் குறுக்க வந்துடுத்து, வலது பக்க லைட் உடைஞ்சுடுத்து, மாத்திண்டு வரேன்னார். ஒரு நாய்க்கா ரெண்டு நாள்னு இவர் கூட கேலி பண்ணிண்டிருந்தார்."

"நூர் முஹம்மதுவைப் பத்தி என்ன சொல்வார்?"

"திட்டுவார். ஆனா அவரைத்தான் கூப்பிடுவார். வேற யாரும் இந்த ஃபிரிட்ஜைத் தொடக்கூட மாட்டேங்கறான்னு சொல்வார்."

8.10. கஸ்தூரிபா நகர் மனை. நெடுஞ்செழியனும் கூட வந்திருந்தார். காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் எழுந்து நின்றார்.

"ராத்திரி ஏதாவது?"

"ஒண்ணுமில்ல மேடம். உள்ள அப்பப்ப உர்ருன்னு ஒரு சத்தம். ரத்தத்துல ஈ மொய்க்குதுன்னு நெனச்சேன்."

"ஈ கால் மணி நேரம் மொய்ச்சு, கால் மணி நேரம் ஓய்வு எடுக்குமா?"

ஜெயபாரதி முதலில் வெளியே ஒரு சுற்று வந்தார். வலது முகப்பு விளக்கு புதியது. இடது விளக்கு மஞ்சள் பூத்திருந்தது. பின்னால் போய்க் குனிந்தார். பம்பரில் ரத்தக் கோடு கீழ் விளிம்பு வரை இறங்கியிருந்தது. அதற்கு நேர் கீழே சிமென்ட் தரையில் காய்ந்த வேப்பிலைகளும் தூசியும் மட்டும். ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.

உள்ளே ஏறினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தரையில் குறுக்காக வைத்தார். அது அசையவில்லை.

"ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தீங்களா?"

"ஓடாத ஃபிரிட்ஜ்தானே மேடம்," என்றார் நெடுஞ்செழியன்.

"திறந்தீங்களா, இல்லையா?"

"இல்ல."

ஜெயபாரதி கையுறை மாட்டிக்கொண்டு திறந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்தது. விளக்கு எரிந்தது. ஃப்ரீசர் தட்டில் ஒரு சில்வர் டம்ளர். அடி தட்டோடு உறைந்து ஒட்டியிருந்தது, அசைத்தாலும் வரவில்லை. உள்ளே தண்ணீர் கட்டியாகியிருந்தது. அதன் மேற்பரப்பு சமமாக இல்லை. பின்கதவைப் பார்த்த பக்கம் விளிம்பிலிருந்து ஒரு விரல் இறக்கம். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்த பக்கம் இரண்டு விரல் இறக்கம்.

"நாலு பக்கத்திலேர்ந்தும் போட்டோ எடுங்க. அளவுகோல் வெச்சு எடுங்க."

8.55க்குப் பிணக்கூறாய்வு மருத்துவர் தொலைபேசியில் பேசினார். இறந்த நேரம் பகல் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில். ஒன்றரைக்கு உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை.

9.35. தி. நகர். ஜவுளிக்கடையின் ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. பக்கவாட்டில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவு. தெரு தெரியாதபடி தகரக் கதவு. கீழே, வாசல் உத்தரத்துக்கு முன்னால், மழைநீர் போக இரும்புக் கம்பி போட்ட வடிகால். சரிவு முழுக்க ப்ளீச்சிங் பவுடர் வாடை.

அஸ்வத் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல உயரம். கையில் ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி.

"அந்த பாய் ஒத்துக்கிட்டானா மேடம்?"

"இல்லை. நேத்து 1.32க்கு ஷ்ரவண் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"நேத்தே சொன்னேனே. ஃபிரிட்ஜ் ஓடலை, அவன் சண்டை போடறான்னாரு."

"ஃபிரிட்ஜ் பதினொண்ணே காலிலேர்ந்து ஓடுது. இப்பவும் ஓடிட்டிருக்கு."

"அது எப்படி? ஃபியூஸே இல்லையே."

"ஃபியூஸ் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அஸ்வத் நெடுஞ்செழியனைப் பார்த்தார். "சார்தான் சொன்னாரு."

"நான் சொல்லலை," என்றார் நெடுஞ்செழியன். பின்னறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிறகு அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"ஸ்டிக்கரைப் பார்த்துப் பிடுங்கினீங்க," என்றார் ஜெயபாரதி. "அந்த நேரம் கம்ப்ரஸர் ஓய்வுல இருந்தது. சத்தம் இல்லாததால அணைஞ்சுட்டதுன்னு நெனச்சீங்க. நூர் முஹம்மது வேற லைன் இழுத்தது உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் அவர். சண்டைக்குக் காரணம் காட்ட அவர் பிடுங்கறதா இருந்தா, செத்த லைன் ஃபியூஸைப் பிடுங்க மாட்டார்."

"மேடம், நான் நாலு மணி வரைக்கும் இந்த பில்டிங்லதான் இருந்தேன். யாரை வேணா கேளுங்க."

"கேட்டாச்சு. நம்பறேன். நீங்க தி. நகரை விட்டுப் போகலை. வேன்தான் இங்க வந்தது. நாலு மணிக்கு மேல நீங்கதான் அதை அடையாறுக்குத் திருப்பி ஓட்டிட்டுப் போனீங்க."

அவர் சரிவில் இரண்டடி இறங்கி நின்றார்.

"ரத்தம் அஞ்சடி ஓடிப் பின்கதவு வழியா வெளிய விழுந்திருக்கு. சமதரையில நிக்கற வண்டியில அது தலைக்கடியிலேயே தேங்கியிருக்கணும். அடையாறுல பம்பருக்குக் கீழ ஒரு சொட்டு இல்லை. அப்ப அவர் சாகும்போது வண்டி அங்க இல்லை. மூக்கு மேல, வால் கீழ நின்னிருக்கு. எங்கன்னு ஃப்ரீசர்ல ஒரு டம்ளர் சொல்லுது. பதினொண்ணே காலுக்கு அதுல வெச்சது தண்ணி. திறந்து பார்த்தா கட்டி, ஒரு பக்கம் ஒரு விரல் உயரம். நிக்கற இடம் எப்படி இருக்கோ, தண்ணி அப்படித்தான் உறையும். தண்ணி உறையற அளவுக்கு, மூணு நாலு மணி நேரம், வேன் இப்படி ஒரு சரிவுல பின்பக்கமா இறங்கி நின்னிருக்கு. பேஸ்மென்ட்டுக்குள்ள போக முடியாத ஒம்போதடி வண்டியை நீங்க வழக்கமா நிறுத்தற இடம் இது."

"எதுக்கு மேடம் நான் ஷ்ரவணைக் கொல்லணும்? எட்டு வருஷப் பழக்கம்."

"ஒம்போதாம் தேதி விடிகாலைல கோவளத்துகிட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையில ஸ்வர்ணலதான்னு ஒரு பொண்ணு. கல்யாண மண்டபத்துச் சமையல் வேலைக்கு நடந்து போயிட்டிருந்தாங்க. ஒரு வேன் அடிச்சு, முப்பது அடி இழுத்துட்டு நிக்காமப் போயிடுச்சு. உயிர் போக ரெண்டு மணி நேரம் ஆச்சு. லைட் உடைஞ்ச தேதியைச் சொல்லி, வரும்போது அந்த ரோட்டு ஸ்டேஷன்ல கேட்டேன். ரோட்டுல கிடந்த முகப்பு விளக்குக் கண்ணாடித் துண்டு அங்க பத்திரமா இருக்கு. கண்ணாடிக்குப் பின்னால கேமரா இருந்தது உங்களுக்குத் தெரியாது. நேத்து ஷ்ரவண் அந்த கார்டைப் பார்த்தார். போலீஸுக்குப் போறதுக்கு முன்னால உங்க வாயால கேட்கணும்னு வண்டியோட இங்க வந்தார். நூர் விட்டுட்டுப் போன கருவி கைக்கு எட்டற இடத்துல கிடந்தது."

அஸ்வத் கொக்கிக் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ஒண்ணரைக்கு அவர் கட்டைவிரலைத் துடைச்சு போனைத் திறந்தீங்க. உங்களுக்கே கால் போட்டீங்க. கை முழுக்க ரத்தம், ஒரு விரல் மட்டும் சுத்தம். செத்தவர் தன் விரலைத் துடைச்சுக்க மாட்டார்." ஜெயபாரதி கூட வந்த கான்ஸ்டபிளிடம் திரும்பினார். "அந்தக் கம்பி மூடியைத் தூக்குங்க. ப்ளீச்சிங் மேலதான் போட்டிருப்பார்."

கான்ஸ்டபிள் குனிந்தார். அஸ்வத் கொக்கிக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கினார். குறி ஜெயபாரதியின் தலை. அவர் இடது கையைக் குறுக்கே கொடுத்தார். அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது வீச்சுக்குள் அவர் அஸ்வத்தின் முழங்காலில் பூட்ஸால் உதைத்தார். அஸ்வத் சரிவில் உருண்டு, வடிகால் மூடியில் முகம் மோதி விழுந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்தன. நெடுஞ்செழியன் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து விலங்கு மாட்டினார்.

"அவ பாட்டுக்கு நடு ரோட்டுல வந்தா," என்றார் அஸ்வத், வாயில் ரத்தத்தோடு. "இவன் என்னன்னா, நீயே போய் சொல்லு, நான் கூட வரேன்னான். கூட வரானாம்."

மூடிக்குக் கீழே சேற்றின் ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு படலம் காய்ந்திருந்தது. தடயவியல் ஆள் வந்து அதைச் சுரண்டி எடுக்கும்போது மணி 10.20.

அந்த ரத்தம் ஷ்ரவணுடையது என்று பத்து நாளில் அறிக்கை வந்தது. கைபேசி டவர் விவரத்தில் ஷ்ரவணின் போன் செவ்வாய் பகல் 12.05 முதல் 4.10 வரை தி. நகரில் இருந்தது. கோவளம் கண்ணாடித் துண்டு, விளக்கு மாற்றிய கடையில் கிடந்த வேனின் பழைய விளக்கோடு பொருந்தியது. அஸ்வத் மீது இரண்டு வழக்குகள் பதிவாயின. லேப்டாப்பும் கார்டும் கிடைக்கவில்லை.

நூரின் விரல்கள் முறிந்தது பற்றி ஜெயபாரதி அறிக்கை எழுதினார். நெடுஞ்செழியன் மீது துறை விசாரணை தொடங்கியது.

நூர் முஹம்மது புதன் பகல் 12.20க்கு விடுவிக்கப்பட்டார். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் வலது கை விரல்கள் இரண்டுக்கும் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கடை திறக்கவில்லை.